நிலம் அளந்த லாம்டன்

சான்று என்னுஞ் சொல்லுக்கு மாணவர் முன்னிலையிற் பொருள் விரிக்கும்போதெல்லாம் என் நெஞ்சில் ஒரு சிறுமுள் தைப்பதுண்டு. சான்றோர் என்பார் நற்குணங்களால் நிறைந்து அமைந்தவர்; சான்று என்பது ஐயம் நீங்க உண்மையை நிறுவுவது; ஆதலின் சான்று கூறுவோன் சான்றோனாயிருத்தல் வேண்டும் என்று முப்பது ஆண்டுகளாகக் கற்பித்து வருகின்றேன். அங்ஙனங் கற்பிக்கும் நானே, ஒருகால், ஆராயாது ஒரு சான்றிதழிற் கையெழுத்திட்டேன். அதனால் விளைந்த கவலையே, இருநூறு ஆண்டுகளின் முன் மறைந்த ஓர் அளவை அறிஞரின் வரலாற்றை நான் நாடிக் கற்றதற்குக் காரணமாயிற்று. அவர் வில்லியம் லாம்டன் என்பார். சென்னைப் பரங்கிமலையடியிற் சங்கிலி இட்டுத் தொடங்கித் தென்னிந்தியாவை முக்கோண முறையால் அளந்த பெரியார் அவரே.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகின்றேன்.

வலிகாமத்துச் சிற்றூர்ப் பாடசாலை ஒன்றில் நான் தமிழ் கற்பித்துவந்த காலம் அது. ஆண்டுதோறும் பொங்கல் கழிந்தபின் இல்ல விளையாட்டுப் போட்டி நடைபெறும். அதற்கு முன்னதாக ஒரு நாட் காலையில் வீதியோட்டம் நிகழும். தூரம் எதுவாயினும் அதனை மரதன் என்றே எம்மூரார் வழங்குவர். என் கையெழுத்துச் செவ்வையாயிருப்பதுபற்றி, முடிவுக் கோட்டருகே மேசையிட்டு நேரங்களைக் குறிக்கும் பணி என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஓட்டப்பாதை பாடசாலை வாயிலிற் புறப்பட்டு, புகையிலைத் தோட்டங்களையும் பனங்கூடல்களையும் கடந்து, கடற்கரை வீதிவரை சென்று, ஒழுங்கைகள் இரண்டின் வழியாகத் திரும்பி வாயிலையே வந்தடையும். அதன் தூரம் பத்துக் கிலோமீற்றர் என்பது பல்லாண்டு வழக்கு. எவரோ ஒருவர் மோட்டார்ச் சைக்கிளில் ஒருமுறை அவ்வழியே சென்று, வண்டியின் மானியைப் பார்த்துச் சொன்னதே அவ்வழக்கிற்கு ஆதாரம் என்பது பின்னரே எமக்குத் தெரியவந்தது.

ஓராண்டில், தோட்டஞ் செய்வார் ஒருவரின் மகன், காலிற் சப்பாத்தும் இன்றி ஓடி, 36 நிமிடம் 10 விநாடியில் முடிவுக் கோட்டைக் கடந்தான். ஊர் ஆரவாரித்தது. பத்துக் கிலோமீற்றரை இன்ன நேரத்தில் ஓடினான் என்று நானே சான்றிதழ் எழுதிக் கையெழுத்தும் இட்டுக் கொடுத்தேன். அதனை எடுத்துக்கொண்டு அவன் கொழும்பிலே ஒரு தெரிவுப் போட்டிக்குச் சென்றான். அங்கே செவ்வையாக அளந்த பாதையில் அவன் ஓடிய நேரம் 37 நிமிடம் 32 விநாடி. சான்றிதழைப் பார்த்திருந்தோர் ஐயுற்றனர். ஊருக்குத் திரும்பியவன் என் வீட்டுப் படலையடியில் நின்று, தன் கால் தளர்ந்துவிட்டதோ, அல்லது அன்று நேரங் குறித்ததிற் பிழை உண்டோ என்று மிகுந்த பணிவோடு கேட்டான். நேரத்திற் பிழையில்லை என்று உறுதியாகச் சொன்னேன். அச்சொல் உண்மையே, ஆயினும் அதுவே அவனுக்குத் தீங்காயிற்று. நேரம் பிழையன்றெனின் தன் காலே பிழை என்று கொண்டு, அவன் ஓடுதலையே விட்டுவிட்டான்.

மறுமாரி கழிந்தபின் புதிதாக வந்த உடற்கல்வி ஆசிரியர், துவிச்சக்கர வண்டியின் முன்சில்லில் எண்ணுங்கருவி ஒன்றைப் பூட்டி அப்பாதையை அளந்தார். அது 9,660 மீற்றரே இருந்தது. 340 மீற்றர் குறைவு. அவ்விளைஞன் ஓடிய வேகத்தில் அக்குறையைக் கடக்க 76 விநாடி செல்லும். கொழும்பில் அவனுக்கு மிகுதியாகச் சென்ற நேரம் 82 விநாடி. ஓடியவன் குறைந்திலன், வீதியே குறைந்திருந்தது. நான் நேரத்தை மாத்திரம் கண்டு, தூரத்தைக் காணாமலே கண்டதாகக் கையெழுத்திட்டேன்.

இதனை அயலில் வசித்த ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவரிடஞ் சொல்லி வருந்தியபோது, அவர் என்னைத் தேற்றினாரல்லர். லாம்டனின் வரலாற்றைப் படிக்குமாறு சொல்லி, தம் பேழையிலிருந்து பழைய நூல் ஒன்றை எடுத்துத் தந்தார். அந்நூலிலும் அதன்பின் தேடிக் கற்ற பிறவற்றிலும் அறிந்தனவற்றையே இங்கு சுருக்கி உரைக்கின்றேன்.

லாம்டன் இங்கிலாந்தின் யோர்க்சயர்ப் பகுதியில், நோதலற்றன் என்னும் ஊரின் அயலே, வறிய குடியொன்றிற் பிறந்தார். 1750களிற் பிறந்த அவருக்கு வாய்த்த செல்வம் கணித அறிவொன்றே. அவ்வூர்ப் பாடசாலையிற் பயின்று, பின்னர்ச் சாள்ஸ் அற்றன் என்னும் கணித ஆசிரியரிடங் கற்று, 1781 இற் படையிற் சேர்ந்தார். அமெரிக்க விடுதலைப் போரிற் பிரித்தானியர் பக்கம் நின்று, யோர்க்டவுன் என்னுமிடத்திற் சிறைப்பட்டார். விடுதலை பெற்றபின், கனடாவின் நியூபிறன்சுவிக் மாகாணத்திலே படைவீடுகளைப் பார்க்கும் சிறு பதவியொன்றிற் பல்லாண்டு கழித்தார். ஏனையோர் பதவி உயர்வை நாடியலைந்த காலத்தில், இவர் தனித்திருந்து, வானநூலும் நிலவளவை நூலுங் கற்றார். அக்கல்வி என்றேனும் பயன்படும் என்று அவரைச் சார்ந்தோர் எவரும் எண்ணியிருக்க மாட்டார்.

1796 இல் அவருடைய படைப்பிரிவு இந்தியாவுக்குப் புறப்பட்டது. அதன் தலைவர் ஆர்தர் வெல்லெஸ்லி. பிற்காலத்தில் நெப்போலியனை வென்று வெலிங்டன் கோமகன் எனப் புகழ்பெற்றவர் அவரே. 1799 இல் திப்பு சுல்தானுக்கெதிராகச் சீரங்கப்பட்டணத்தின்மேற் படை சென்றபோது, ஓரிரவில் தளபதி பேயர்ட் என்பாரின் பிரிவு இருளில் வழி மாறிற்று. உடன்சென்ற லாம்டன் வானத்தை நோக்கினார். விண்மீன்கள் நின்ற நிலையால், தாம் தெற்கே தம் பாசறைக்கன்றி வடக்கே பகைவர் பாசறைக்குச் சென்றுகொண்டிருப்பதை உணர்ந்து தளபதிக்குத் தெரிவித்தார். தளபதி முதலில் அதனைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் விளக்கொளியிலே திசைகாட்டியை வைத்துப் பார்த்தபோது லாம்டன் சொன்னதே மெய்யாயிற்று. படை திரும்பிப் பிழைத்தது. பல்லாண்டு பயனின்றிக் கிடந்த கல்வி ஓரிரவில் பல உயிர்களைக் காத்தது.

போர் முடிந்தபின் லாம்டன் ஒரு பெருந் திட்டத்தை அரசினர்முன் வைத்தார். கிழக்குக் கடற்கரை தொடங்கி மேற்குக் கடற்கரைவரை தென்னாட்டை முக்கோணங்களாற் பிணைத்து அளத்தல் வேண்டும். அதனோடு, வடக்குத் தெற்காகச் செல்லும் கோடொன்றை அளந்து, ஒரு பாகையின் நீளம் எவ்வளவென்று கண்டு, புவியின் உண்மையான வடிவை ஆராய்தலும் வேண்டும் என்பதே அத்திட்டம். புவி முழுவுருண்டையன்று, துருவங்களிலே சற்றுத் தட்டையானது என்பதை அறிஞர் கண்டிருந்தனர். எவ்வளவு தட்டையானது என்பதை நிறுவ நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் நுட்பமான அளவு வேண்டியிருந்தது. வெல்லெஸ்லி அத்திட்டத்தை ஆதரித்தார்; சென்னை ஆளுநராயிருந்த எட்வேட் கிளைவ் இசைவளித்தார். 1800 இல் மைசூர் நாட்டிலே பெங்களூருக்கு அருகில் முதன்முயற்சி நிகழ்ந்தது. நம் இலங்கையின் நில அளவைத் திணைக்களம் தோன்றியதும் அவ்வாண்டிலேயே என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

எதிர்ப்பும் இல்லாமலில்லை. வங்காளத்தை அளந்து பெரும்பெயர் பெற்றிருந்த ரெனல் என்னும் அறிஞர், ஏற்கெனவே ஓர் அளவை நடைபெறும்போது இதுவும் வேண்டுமோ என்று ஐயுற்றார். அரச வானநூலறிஞர் மஸ்கலின் முதலியோர் விளக்கியபின்னரே அவர் தெளிந்தார். சென்னையிற் செலவுக்கணக்கைப் பார்த்த உறுப்பினர் ஒருவர் எழுப்பிய தடை நகைப்புக்குரியது. சீரங்கப்பட்டணத்துக்குப் போக விரும்புவோன் பல்லக்குச் சுமப்போரிடஞ் சொன்னாற் போதும், அவர்கள் வழியறிவார்கள். அதற்கு அளவையும் வரைபடமும் எதற்கு என்பது அவர் வாதம். நாமும் அவரை முற்றாக நகைத்தற்கில்லை. நம்மூரில் மைலைக் கட்டை என்றே வழங்கினோம். வீதியோரத்தில் நட்ட கல்லே அளவின் பெயராயிற்று. அக்கல்லை நட்டவர் எதனைக்கொண்டு அளந்தார் என்று நம்முள் எவரேனும் கேட்டதுண்டோ? ஒரு மோட்டார்ச் சைக்கிளின் மானியை நம்பிச் சான்றெழுதிய எனக்கு, அவ்வுறுப்பினர் மிக நெருங்கிய உறவினராகவே தோன்றினார்.

இனி, லாம்டன் எங்ஙனம் அளந்தார் என்பதை நோக்குவோம். முக்கோண முறைக்கு அடிப்படை எளிது. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கத்தின் நீளமும் அதன் இரு முனைகளிலுள்ள கோணங்களுந் தெரியின், மற்றைய இரு பக்கங்களையும் கணித்தறியலாம். அவ்வாறு கண்ட பக்கத்தை அடியாகக்கொண்டு அடுத்த முக்கோணத்தையும், அதன்மேல் அடுத்ததையும் அமைத்துக்கொண்டே நாடுமுழுவதுஞ் செல்லலாம். ஆயின், முதலிற் கொண்ட அந்த ஒரு பக்கத்தை நிலத்திற் கிடத்தி நேரே அளந்தேயாகவேண்டும். அதிற் புகுந்த பிழை ஒவ்வொரு முக்கோணத்திலும் தொடர்ந்துவரும். அவ்வடிக்கோட்டை 1802 ஏப்பிரல் 10 ஆந் திகதி பரங்கிமலையடிச் சமநிலத்தில் லாம்டன் அளக்கத் தொடங்கினார்.

அளவைக்குக் கொண்ட கருவிகளின் கதையே தனிக்கதை. உருக்குச் சங்கிலியொன்று சீனப் பேரரசருக்குப் பரிசாக மக்காட்னி பிரபுவின் தூதுக்குழுவோடு அனுப்பப்பட்டிருந்தது. பேரரசர் அதனை ஏற்றிலர். அது கல்கத்தாவுக்கு வந்து, இவ்வளவைக்காக வாங்கப்பட்டது. நூறு அடி நீளமுள்ள அது, இரண்டரை அடி கொண்ட நாற்பது கம்பிகளால் இணைந்தது. கோணம் அளக்குந் தியோடலைட்டு இலண்டனிற் செய்யப்பட்டது. பெட்டியோடு ஏறத்தாழ அரைத் தொன் நிறை. அது வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் வழியிற் கைப்பற்றி மொரிசியசுக்குக் கொண்டுசென்றனர். பெட்டியைத் திறந்து, இஃது அறிவுக்கருவி என்று கண்டபின், பகைமை பாராட்டாது அதனைச் சென்னைக்கே அனுப்பிவைத்தனர். இரு நாடுகளும் போர் செய்த காலத்தில் நிகழ்ந்த அப்பெருந்தன்மை பாராட்டத்தக்கது.

அடிக்கோட்டின் நீளம் ஏறத்தாழ ஏழரை மைல், அஃதாவது 12 கிலோமீற்றர். நம் பாடசாலைகளின் வீதியோட்டத் தூரத்திற்குச் சிறிது கூடுதல். அதனை அளக்கச் சங்கிலியை ஏறத்தாழ 400 முறை இடவேண்டியிருந்தது. பணி வாரக்கணக்கில் நீண்டது. சங்கிலி தரையிற் படாதவாறு, முக்காலிகள் தாங்கிய மரத்தொட்டிகளில் அதனைக் கிடத்தினார். தொட்டிகளில் வெப்பமானிகளை வைத்தார். உருக்கு வெயிலில் நீளும், குளிரிற் குறுகும் என்பது யாவரும் அறிந்ததே. சென்னையின் சித்திரை வெயிலில் வெப்பம் பத்துப் பாகை செல்சியசு மாறினால், நூறடிச் சங்கிலி மூன்றரை மில்லிமீற்றர் மாறும். அது சிறிதெனத் தோன்றும். 400 முறை இட்டபின் அது ஏறத்தாழ 1.4 மீற்றராகும். ஆதலின் வெப்பநிலையைக் குறித்துக் குறித்துத் திருத்தஞ் செய்தார். அன்றியும், பிறிதொரு சங்கிலியை வேலைக்குப் பயன்படுத்தாது காத்துவைத்து, வேலை செய்யுஞ் சங்கிலி தேய்ந்ததோ நீண்டதோ என்று அதனோடு ஒப்பிட்டறிந்தார். நிலத்தை அளப்பதன்முன் அளவுகோலை அளந்தார் என்க.

சைவ சித்தாந்த நூல் பயில்வோர் முதலிற் கற்பது அளவை. உண்மையை அறியுங் கருவிக்கே நம் முன்னோர் அளவை என்று பெயரிட்டனர். காட்சி, கருதல், உரை என அதனை மூன்றாக வகுத்தனர். லாம்டன் வரலாற்றைப் படித்தபோது அப்பகுப்பு எனக்குப் புதிதாக விளங்கிற்று. நிலத்திற் சங்கிலி இட்டு அறிந்தது காட்சி. கோணங்கொண்டு கணித்தறிந்தது கருதல். இவ்விரண்டுங் கண்டவர் எழுதித் தரும் ஏடு உரை. காட்சியும் கருதலும் இல்லாதவிடத்து எழுந்த உரைதான் நான் எழுதிய சான்றிதழ்.

கருதலையும் அவர் கண்மூடி நம்பவில்லை. பரங்கிமலையிலிருந்து முக்கோணங்களைத் தொடர்ந்து பெங்களூர்வரை சென்றபின், 1804 இல் அங்கே ஒரு கோட்டை மீண்டுஞ் சங்கிலியால் நேரே அளந்தார். கணக்கினாற் கண்ட நீளமும் கையினால் அளந்த நீளமும் ஏறத்தாழ ஏழு மைலில் நாலு அங்குலத்துக்குங் குறைவாகவே வேறுபட்டன. கோயம்புத்தூரிலும் திருநெல்வேலியிலும் பிறவிடங்களிலும் அவ்வாறே அடிக்கோடுகளை அளந்து தம் கணக்கைத் தாமே சோதித்தார். கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைவரை அளந்து முடித்தபோது, வரைபடங்களில் 400 மைல் எனக் காட்டப்பட்டிருந்த அகலம் 360 மைலே என்று தெரிந்தது. நாற்பது மைல் நிலம் ஏட்டிலிருந்து மறைந்தது. அது நிலத்தில் ஒருபோதும் இருந்ததில்லை.

அவருடைய வாழ்வில் மிகப் பெரிய சோதனை தமிழகத்தின் நெஞ்சகமாகிய தஞ்சாவூரிலே, 1808 இல் நேர்ந்தது. காவிரிச் சமவெளியில் மலையில்லை. தென்னையும் பிறமரங்களும் பார்வையை மறைத்தன. ஆதலின் கோயிற் கோபுரங்களையே அளவை நிலையங்களாகக் கொண்டனர். தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்கு அந்த அரைத் தொன் கருவியை வடங்களால் ஏற்றும்போது, தாங்கு வடம் அறுந்தது. கருவி சுவரில் மோதிற்று. கோணங் குறித்த வட்டம் வளைந்து உருக்குலைந்தது. அக்கோயிலை எடுப்பித்த இராசராசன், தன் நாட்டை உலகளந்த கோலால் அளப்பித்தவன். நிலமளந்த மன்னன் கோயிலிலே நிலமளக்க வந்தவரின் கருவி உடைந்ததை ஊழென்பதா, யாதென்பதா, யானறியேன்.

அத்தகைய கருவி இந்தியாவில் வேறொன்றில்லை. இலண்டனிலிருந்து புதியதை வருவித்தலாயின் காலம் மிகச் செல்லும். உடைந்த கருவியையே வைத்துக்கொண்டு, வந்த அளவைக் கொண்டு போனாற் போதும் என்று எண்ணுவோர் பலர். லாம்டன் தம் கூடாரத்தை அடைத்துக்கொண்டு, கைவினைஞர் சிலரையன்றி எவரையும் உள்ளே விடாது, கருவியை உறுப்புறுப்பாகக் கழற்றினார். பெரிய பலகையொன்றில் வட்டத்தின் சரியான அளவை வெட்டி, வளைந்த வளையத்தை ஆப்புகளாலும் திருகாணிகளாலும் சிறிது சிறிதாக இழுத்து அதனோடு பொருந்தச் செய்தார். ஆறு வாரம் சென்றது. கருவி ஏறத்தாழப் பழைய வடிவத்தை அடைந்தது. பின்னும் பல்லாண்டு உழைத்தது. அப்போது அவர் வயது ஐம்பதைக் கடந்திருந்தது. அவ்வயதினனாகிய யான் இப்பகுதியைப் படித்தபோது நூலை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் இருந்தேன். அவர் வேறு கருவியின் குறையைத் திருத்த ஆறு வாரம் தனித்திருந்தார். யான் என் ஏட்டின் குறையைத் திருத்த ஆறு நாழிகையும் செலவிட்டேனல்லேன்.

1809 அளவில் அளவை குமரிமுனையை அணுகிற்று. பின்னர் வடக்கே திரும்பி ஐதராபாத்தைக் கடந்து சென்றது. 1818 இல் அம்முயற்சிக்குப் பெரிய முக்கோண அளவை என்று பெயரிட்டு, ஜோர்ஜ் எவரெஸ்ட் என்னும் இளைஞரை லாம்டனுக்குத் துணையாக அரசினர் நியமித்தனர். லாம்டனோடு உழைத்த உதவியாளருட் பலர் சென்னை நிலவளவைப் பாடசாலையிலே பயின்ற இளைஞர். மலையேறிக் கொடி நாட்டியோரும், காட்டில் வழி வெட்டியோரும், கருவி சுமந்தோரும் இந்நாட்டு ஏழை மக்கள். காட்டுக் காய்ச்சலால் இறந்தோர் பலர். அளவை நூல்களில் அவர்கள் பெயர் காண்பதரிது. ஆயினும் அவர்கள் தோளின்றி ஒரு முக்கோணமும் நிறைவேறியிராது. இவ்வளவை அன்னியர் ஆட்சிக்கும் வரிக்கும் பயன்பட்டது என்பதையும் நாம் மறத்தற்கில்லை. எனினும் கண்ட உண்மை கண்டவர்க்கு மாத்திரம் உரியதாய் நின்றுவிடாது, பின்வந்தோர் யாவர்க்கும் பொதுவாயிற்று.

1817 இல் இலண்டன் அரச கழகம் லாம்டனை உறுப்பினராக ஏற்றது. குமரி அயலிலிருந்து வடக்கே ஏறத்தாழப் பத்துப் பாகை நீளத்திற்குப் புவியின் வளைவை அவர் அளந்திருந்தார். எழுபதை அண்மிய அகவையிலும் அவர் கூடாரத்திலேயே வாழ்ந்தார். ஐதராபாத்திலிருந்து நாகபுரிக்குப் பயணஞ் செய்கையில், 1823 சனவரி 20 ஆந் திகதி, இங்கண்காட் என்னுஞ் சிற்றூரிலே உயிர்நீத்தார். கல்லறையும் அங்கேயே உளது. அவர்பின் வந்த எவரெஸ்டின் பெயர் 1865 இல் உலகின் மிகவுயர்ந்த மலைக்கு இடப்பட்டது. லாம்டன் பெயரை அறிந்தோர் சிலரே.

இனி நம் வீதிக்குத் திரும்புவோம். பரங்கிமலையில் லாம்டன் கைக்கொண்ட நெறியே இன்று உலகெங்கும் வீதியோட்டப் பாதைகளை அளக்குமிடத்துக் கையாளப்படுகின்றது என்றால் வியப்பாயிருக்கும். இங்கிலாந்திலே ஜோன் ஜுவெல் என்பார் துவிச்சக்கர வண்டியாற் பாதையை அளக்கும் முறையை ஆராய்ந்து 1961 இல் எழுதினார். அமெரிக்காவிலே ரெட் கோபிற் என்பார் 1964 இல் அதுபற்றி நூலொன்றை வெளியிட்டு, பாதைக்குச் சான்றளிக்கும் ஒழுங்கை நிலைநாட்டினார். அடிமைகளாயிருந்தோரின் பேரனாகிய அவர், தம் நிறங் காரணமாக இளமையிற் சில போட்டிகளிலே விலக்கப்பட்டவர். 1952 இல் எல்சிங்கி ஒலிம்பிக் மரதனில் ஓடியவர். ஆளுக்கொரு நீதி வழங்கியோரைக் கண்ட அவர், யாவர்க்கும் ஒரே அளவு வேண்டுமென்று உழைத்தது பொருத்தமே. 1971 இல் யோன்சு என்னுங் குடும்பத்தார் சில்லிற் பூட்டும் எண்ணுங்கருவியை ஆக்கினர்.

அளவு பிழைத்தால் விளையுந் தீங்கு சிற்றூர்க்கு மாத்திரம் உரியதன்று. 1981 இல் நியூயோர்க் மரதனில் அல்பேட்டோ சலசார் 2 மணி 8 நிமிடம் 13 விநாடியில் ஓடியதை உலக சாதனை என்று கொண்டாடினர். சில ஆண்டுகளின் பின் அப்பாதையை அளந்தபோது, அது ஏறத்தாழ 150 மீற்றர் குறைந்திருந்தது. சாதனை நீங்கிற்று. அவர் செய்த குற்றம் யாதுமில்லை.

எங்கள் பாதையையும் முறைப்படி அளப்பித்துச் சான்று பெறுதல் வேண்டும் என்று உடற்கல்வி ஆசிரியரும் நானும் முயன்றோம். உரிய தகுதிபெற்ற அளவையாளர் ஒருவர் வந்தார். வெயில் ஏறுமுன், விடியற்காலையில், நேரான வீதியொன்றில் உருக்கு நாடாவால் முந்நூறு மீற்றரை முதலில் அளந்தார். நாடாவின் ஒரு முனையைப் பற்றி நிற்கும் பேறு எனக்குக் கிட்டிற்று. நாடாவை இழுக்கும் விசையும் வெப்பநிலையுங் குறிக்கப்பட்டன. நாடா இருபது பாகைக்குச் சரியானது. யாழ்ப்பாணத்து வைகறை அதனினும் ஆறு பாகை கூடியிருந்தது. முந்நூறு மீற்றரில் அதற்குரிய திருத்தம் இரண்டு சென்ரிமீற்றர். அதனையும் அவர் விட்டாரல்லர். பின்னர் அம்முந்நூறு மீற்றரை நான்குமுறை வண்டியில் ஓடி, சில்லு எத்தனை எண் காட்டுகின்றதென்று கண்டார். அதன்பின்னரே பாதையை அளந்தார். அளந்து முடித்தபின் மீண்டும் அதே முந்நூறு மீற்றரை நான்குமுறை ஓடினார். வெயில் ஏறுங்கால் சில்லினுட் காற்று விரிந்து அளவு மாறுமாதலின். அளவுகோலை முன்னும் பின்னும் அளந்த அச்செயலிலே பரங்கிமலைச் சங்கிலியை நான் கண்டேன்.

இன்னுமொன்று கற்றேன். ஓடுவோன் வீதியின் நடுவே ஓடுவதில்லை. திருப்பங்களில் உள்விளிம்பை ஒட்டிக் குறுக்கே ஓடுவான். ஆகவே மிகக் குறுகிய வழியையே, விளிம்பிலிருந்து 30 சென்ரிமீற்றர் தள்ளி அளத்தல் முறை. மோட்டார்ச் சைக்கிளிற் சென்றவர் வீதி ஒழுங்கின்படி இடப்புறமாகவே சென்று, திருப்பந்தோறும் மிகுதியாகச் சுற்றியிருந்தார். அத்தோடு மானியின் பிழையுஞ் சேர்ந்தது. அன்றியும், ஆயிரத்துக்கு ஒன்று வீதம் தூரத்தைக் கூட்டிவைப்பர். பத்துக் கிலோமீற்றருக்குப் பத்து மீற்றர். ஓடுவோன் ஒருவன் தூரம் குறைந்ததென்று பழிகேளாதிருத்தற்பொருட்டு, அளப்போன் தன் பிழையை முன்னரே தன்மேல் ஏற்றுக்கொள்ளும் முறை அது. அறநூல் கற்பிக்கும் என்னை அது பெரிதுங் கவர்ந்தது.

கடற்கரை வீதியில் திரும்புமிடம் மதகொன்றின் அப்பாலே தள்ளிவைக்கப்பட்டு, அங்கே வீதியில் ஓர் ஆணி அறையப்பட்டது. சான்றிதழும் வந்தது. அன்று மாலை பழைய பதிவேட்டை எடுத்து, நான் எழுதிய வரியை அழியாமல், அதன் கீழே தூரம் 9,660 மீற்றர் என்றும், முன்னர் எழுதியது என் பிழை என்றும் எழுதிக் கையெழுத்திட்டேன்.

பின்னர் அவ்விளைஞனின் வீட்டுக்குச் சென்றேன். அவன் தோட்டத்திலே வெங்காயப் பிடி கட்டிக்கொண்டிருந்தான். நடந்ததையும், அவன் கால் தளரவில்லை என்பதையும், பிழை என்னுடையது என்பதையும் சொன்னேன். அவன் எழுந்து நின்று கேட்டான், யாதுஞ் சொல்லவில்லை. எனக்குத் தேநீர் கொண்டுவரச் சொல்லி, ஒரு பிடி வெங்காயமும் தந்துவிட்டான். அவன் இழந்த ஆண்டுகளை என் கையெழுத்து மீட்டுத் தராது என்பதை நான் அறிவேன்.

அடுத்த தை மாதத்து வீதியோட்டத்தன்று, ஆணி அறைந்த திருப்பத்திலே கொடி பிடித்து நின்று, ஓடிவந்த சிறுவர்களுக்கு வழி காட்டியவன் அவனே. முடிவுக் கோட்டருகே நான் வழக்கம்போல் மேசையிட்டு இருந்தேன். நேரங்களை எழுதுமுன், பதிவேட்டின் தலைப்பில் தூரத்தையும், அதனை அளந்த நாளையும் முதலில் எழுதிக்கொண்டேன்.